மாதாவின் கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

அந்த அச்சகத்தில் மாதாவின் கன்னத்துக்குப் பொறுப்பு ஒரே ஓர் ஆள்தான். அவரைப் புள்ளிக்காரர் என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று முதலாளியே திருப்பி அனுப்பிவிட்டார்.

வேலை இதுதான். ஒரு வண்ணப் படம் அச்சுக்குப் போகுமுன் அதை நான்கு ஃபிலிமாகப் பிரிப்பார்கள். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. படம் பிடிக்கும்போது தூசி உட்கார்ந்த இடத்தில் ஃபிலிமில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் போனால் அச்சுத் தகடான பிளேட்டில் ஒரு புள்ளி பதியும். பிளேட்டில் பதிந்தால் பத்தாயிரம் தாளிலும் பதியும். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் ஃபிலிமை விரித்து, நாலே நாலு மயிர் மட்டும் விட்டு நறுக்கிய தூரிகையால் செம்மண் நிற மையைத் தொட்டு, அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். வேலை சுத்தமாக இருந்தால், இப்படி ஓர் ஆள் இருப்பதே வெளியில் தெரியாது. இருபத்திரண்டு வருடம் அவர் அப்படித்தான் தெரியாமல் இருந்தார். அதில் அவருக்கு உள்ளூர ஏகப்பட்ட கர்வம்.

அடித்ததெல்லாம் சாமி படங்கள். மாதா, இயேசுவின் இருதயம், சூசையப்பர், தோளில் ஆட்டுக்குட்டியுடன் மேய்ப்பர். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் பெரியது, ஜெபப் புத்தகத்துக்குள் செருகச் சின்னது. அந்த ஊரில் வேதப் புத்தகத்தைத் திறந்தவர்களைவிட இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அதிகம். மாதா என்றால் நீல முக்காடு, தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், வலது கையில் மூன்று விரல் மட்டும் தெரியும். இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. முதலாளியின் அப்பா காலத்தில் ஒரு ஓவியர் அப்படி வரைந்து கொடுத்தார், அவ்வளவுதான் சங்கதி. ஒரு வருடம் நீல மை கிடைக்காமல் முக்காட்டைப் பச்சையில் அடித்துப் பார்த்தார்கள். கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தது. இது எங்கள் மாதா இல்லை, யாரோ வேறு பொம்பளை என்று ஒருவர் கடையில் நின்று சண்டையே போட்டாராம்.

அந்த மூலப் படத்தை எப்போதோ சுருட்டி வைத்ததில் தோள்பட்டைப் பக்கம் வர்ணம் உதிர்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது. புள்ளிக்காரர்தான் அதைத் துணியின் மடிப்பு மாதிரி ஒப்பேற்றி வைத்தார். சில வருடம் கழித்து ஒரு பெண் அச்சகத்துக்கே தேடி வந்தாள். மாதா தன் கனவில் வந்ததாகவும், அச்சு அசலாகப் படத்தில் இருப்பது போலவே இருந்ததாகவும், தோளில் அந்த மடிப்புகூட இருந்ததாகவும் கண் கலங்கச் சொன்னாள். மெஷின் ஓட்டுகிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். புள்ளிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தூரிகை யாரோ ஒருத்தியின் தூக்கத்துக்குள் புகுந்து வந்திருக்கிறது என்பது கொஞ்சம் பயமாகவும், மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்கு மேலே சுவரில் மாதா. அவள் துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பாள், இறுகிப் போனதைப் பிரித்துத் தருவாள். அந்தத் தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். வாய் ஓயாமல் பேசுவாள், கணவரையும் சேர்த்துக் கிண்டல் அடிப்பாள். நாள் பூரா இன்னொரு பொம்பளை முகத்தையே உத்துப் பாத்துட்டு வர்ற ஒரே மனுஷன் இவர்தான், அதுக்குக் கூலி வேற, என்பாள்.

கொஞ்ச நாளாக அவள் அடிக்கடி கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். முதலில் அவளே சிரித்தாள். பிறகு இடப்பக்கம் வைத்த தம்ளரை இரண்டு மூன்று தரம் தட்டிவிட்டாள். நுணுக்கம் பார்த்தே பழகிய ஆளுக்கு அது சும்மா கைதவறலாகப் படவில்லை. ஒரு நாள் காலை அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

கண் டாக்டர் ஒரு அம்மாள். நிதானமாகப் பேசுகிறவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, ஓரப் பார்வையை அது கரையான் மாதிரி அரித்துக்கொண்டு வருகிறது, இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். வலி இருக்காது, அதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம் என்றார்.

“போனது போனதுதான்மா, திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். காலைல ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. ஆயுசு முழுக்க. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.”

அவளை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் அச்சகத்துக்கு ஓடினார். மாதா படத்துக்குப் புது ஃபிலிம் எடுத்திருந்தார்கள். மஞ்சளும் நீலமும் கறுப்பும் முதல் நாளே பார்த்துவிட்டார். சிவப்பு மட்டும் பாக்கி. மெஷின்காரர் பிளேட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். புள்ளிக்காரர் குனிந்தார். மாதாவின் இடது கண்ணுக்குக் கீழே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் பார்த்தது மாதாவின் கண்ணை இல்லை. மருந்தை நினைத்தார், கதவு நிலையை நினைத்தார், தனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு யார் என்று நினைத்தார். பிறகு ஃபிலிமைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்.

பத்தாயிரமும் அடித்து, வெட்டி, கட்டுப் போட்டு அனுப்பி மூன்று நாள் கழித்துத்தான் மெஷின்காரர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடது கண்ணுக்குக் கீழே, கன்னம் தொடங்குகிற இடத்தில், ஒரு எள்ளில் பாதி அளவுக்குச் சிவப்பு. கொஞ்சம் நீளவாட்டில். தூசியாக வந்து உட்கார்ந்தது ஏதோ நூல் பிசிறாக இருந்திருக்க வேண்டும். புள்ளிக்காரரே புள்ளி வெச்சுட்டாரு என்று மெஷின்காரர் நாலு பேர் கேட்கச் சொன்னார். இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. யார் கவனிக்கப் போகிறார்கள், அடுத்த தடவை அடைத்துவிடலாம் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

கவனித்தார்கள். ஒரு பேருந்து ஓட்டுநரின் அம்மாவுக்குக் கண் சிவந்து, உப்பி, நீர் வடிந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய படத்தைப் பார்த்தவள், மாதா தனக்காக ரத்தக் கண்ணீர் விடுகிறாள் என்று சொல்லி அந்தப் புள்ளியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று நாளில் ஆறுகிற கண்வலி மூன்றாம் நாள் ஆறியது. அவ்வளவு போதாதா. ஒரே வாரத்தில் அது தெரு தாண்டிப் போனது. ஒரு மாதத்தில் கடைக்காரர்கள் வேறு படம் எதுவும் வேண்டாம், கண்ணீர் மாதாவை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். பழைய படம் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டினார்கள். ஐம்பது வருடமாக அதே முகத்தைக் கும்பிட்டவர்களுக்கு, கண்ணீர் இல்லாத முகம் ஒரே மாதத்தில் அந்நியமாகிவிட்டது.

புள்ளிக்காரர் வீட்டுக்கு அந்தப் படம் அவர் கையால் வரவில்லை. ஓரம் அடிக்கத் துணி கொண்டுவந்த ஒருத்தி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் உள்ளே நுழைந்தவர் தையல் மெஷினுக்கு மேலே அதைப் பார்த்தார். தன் பிழை தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டமும் கண்ணாடியுமாக.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை கெட்டுப்போனதைப் பெண்டாட்டியிடம் சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? மேலும், அவள் இரண்டு வேளையும் ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். கும்பிட்டால் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவள் முகம் தெளிவாக இருந்ததைக் கவனித்தார். மருந்து விடத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குக் கண் எரியும், வெள்ளை விழி சிவந்தே கிடக்கும். இப்போது பளிங்காக இருந்தது. சந்தோஷப்பட்டு, மருந்து ஒத்துக்கொண்டுவிட்டது போல என்றார். அவள் சிரித்தாள். மருந்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது என்றாள். மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். நீயே கதி என்று சொல்லிவிட்டு இன்னொரு கையில் மருந்து பாட்டில் வைத்திருந்தால் அது என்ன நம்பிக்கை என்று அவளுக்குத் தோன்றியதாம். நிறுத்தின நாலாம் நாள் எரிச்சல் போய்விட்டது, சிவப்பும் போய்விட்டது. இதோ பாருங்கள் என்று ஊசியை எடுத்து அவர் கண்ணெதிரே ஒரே வீச்சில் நூல் கோத்துக் காட்டினாள்.

எரிச்சல் மருந்தால் வந்தது, மருந்து நின்றதால் போனது. நேருக்கு நேர் உள்ள பார்வை கடைசியில்தான் போகும், ஊசி கோப்பது அத்தாட்சி ஆகாது. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவர் திரும்பச் சொன்னார். தொண்டை வறளச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கைநீட்டிக் கத்தரிக்கோலை எடுக்கப் போய், இடப்பக்கம் இருந்த நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். நூல்கண்டுகள் அறை முழுக்க உருண்டன. அவரே குனிந்து பொறுக்கினார்.

அன்று திறந்த வாயை மூட முடியாமல்தான் உண்மையையும் சொன்னார்.

“அது கண்ணீர் இல்லம்மா. ஃபிலிம்ல விழுந்த ஓட்டை. நான் அடைக்காம விட்ட ஓட்டை.”

அவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். “எப்ப?”

“உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனே, அன்னைக்கு மத்தியானம்.”

அவள் தலைக்கு மேலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இத்தன வருஷத்துல இந்த மாதிரி எத்தன புள்ளி விட்டிருக்கீங்க?”

இங்கேதான் மனிதர் ஏமாந்தார். பத்துப் பதினைந்து விட்டிருப்பேன், இதெல்லாம் சகஜம் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டிருக்கலாம். ஊரில் ஆயிரம் பொய் ஓடுகிறது, கூட ஒன்று ஓடியிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே, அது நேரம் காலம் பார்க்காமல் முந்திக்கொண்டது.

“ஒண்ணுகூட விட்டதில்ல,” என்றார்.

அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

“என் கண்ணு போகப்போகுதுன்னு சொன்ன அன்னைக்கு, மாதா கண்ணுக்குக் கீழ, ஒரே ஒரு புள்ளி. அதுவும் உங்க கையால. உங்களுக்குத் தெரியாமலே உங்க கண்ண மறைச்சு வெச்சிருக்காங்க. இதுக்கு மேல எனக்கு யாருங்க வந்து சொல்லணும்?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. அதுவரை ஊருக்குப் பொதுவாக இருந்த அற்புதத்தை அவளுக்கென்றே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அவள் இதைச் சொன்னாள். அவர்களில் சிலர் தெருவில் புள்ளிக்காரரைக் கண்டால் ஒதுங்கி நின்று கைகூப்ப ஆரம்பித்தார்கள். அவர் நடையை எட்டிப் போட்டு அச்சகத்துக்குள் புகுந்துகொள்வார்.

அடுத்த பதிப்புக்கு ஃபிலிம் மேசைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஓட்டையை அடைத்தார். தூரிகையின் ஒரே ஒரு தொடல். பத்தாயிரம் சுத்தமான கன்னங்கள் அச்சாகிக் கடைகளுக்குப் போயின. பத்து நாளில் எல்லாம் திரும்பி வந்தன. மாதா கண்ணீரைத் துடைத்துக்கொண்டாளா, எங்கள் ஊர் என்ன பாவம் செய்தது என்று ஜனங்கள் கடை வாசலில் அழுதார்களாம். முதலாளி கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் கண்ணீர் மாதாதான் மாட்டியிருந்தது. ஜனங்கள் கேட்பதைக் கொடுக்காமல் நான் என்னய்யா செய்ய, பழையபடி இருக்கட்டும், நீங்களே செய்துவிடுங்கள் என்று கெஞ்சலாகவே சொன்னார்.

முடியாது என்று எழுந்து போயிருக்கலாம். போயிருந்தால் மெஷின்காரர் ஆணியைக் கொண்டு மாதாவின் கண்ணிலேயே குத்தி வைப்பார் என்று புள்ளிக்காரர் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு, இருபத்திரண்டு வருடமாக ஓட்டை அடைத்த கையில் ஓர் ஊசியை எடுத்து, அடைத்த இடத்தைத் தானே சுரண்டித் திறந்தார். பழைய அளவு, பழைய நீளவாட்டு. வேலை சுத்தமாக வந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாமியாரிடம் போனார். பங்குச் சாமியார் இளைஞர், படித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அச்சுப் பிழை என்று நானும் நினைத்தேன் என்றார். அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில், படம் வேறு, விசுவாசம் வேறு, மருந்தும் கடவுள் கொடுத்ததுதான் என்று அழகாக எடுத்துச் சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தவரிடம் நாலு பேர் கண்ணீர் மாதா படத்தை நீட்டி மந்திரித்துத் தரச் சொன்னார்கள். மந்திரித்துக் கொடுத்தார். மாதா படம்தானே, எப்படி மாட்டேன் என்பது?

புள்ளிக்காரருக்காக வீட்டுக்கும் வந்தார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்து, சொன்னதற்கெல்லாம் சரிங்க சாமி, சரிங்க சாமி என்றாள். மருந்து பாட்டிலை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் மாதா படத்துக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தாள். அது அங்கேயே, மூடி திறக்காமல், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நின்றது. வாசலில் செருப்பு மாட்டும்போது சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஞாயித்துக்கிழமை அரைமணி நேரம் நான் பேசுறேன். மத்த நேரமெல்லாம் அந்தப் படம் அவங்க வீட்ல இருக்கு. நான் என்னங்க பண்ணுவேன்?”

பிறகு புள்ளிக்காரர் செய்யாதது இல்லை. கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் அவளே ஊட்டிவிட்டாள். ஒருமுறை அவள் தலையைப் பிடித்துச் சாய்த்து வலுக்கட்டாயமாக மருந்தை விடப் பார்த்தார். அவள் கத்தவில்லை, தள்ளவில்லை. இமையை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு, ரொம்பக் களைச்சுட்டீங்க, போய்ப் படுங்க என்றாள். அவள் தன் பக்கம் இல்லாமல் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன்மேல் அவளுக்குத் துளிக் கோபம்கூட இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. சண்டை போடுகிறவளிடம் வாதாடலாம். இரக்கப்படுகிறவளிடம் என்ன செய்வது?

ஒரு வருடம் ஓடியது. தெருவில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சுத் துணைக்கு என்றாள். அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டாள். யோசனையில் இருந்துவிட்டேன் என்றாள். ஒரு நாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது, ஆறேழு ஊசியில் நூல் கோத்து அந்தத் துணியில் செருகி வைத்துவிட்டுப் போங்கள், நேரம் மிச்சமாகும் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் வெள்ளையில் மூன்று, கறுப்பில் மூன்று கோத்து வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து, அங்கே ஒரு கடைச் சுவரோரம் நின்று அழுதார்.

அழுது முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அவளிடம் டாக்டர் பேச்சு எடுபடவில்லை, சாமியார் பேச்சு எடுபடவில்லை. படத்தின் பேச்சு எடுபடும். கண்ணீர் வந்தது ஓர் அடையாளம் என்றால் கண்ணீர் நின்றதும் ஓர் அடையாளம்தானே? ஒரு நாள் காலை அவள் எழுந்து பார்க்கிறாள், மாதாவின் கன்னத்தில் புள்ளியைக் காணோம். பதறிப்போவாள். அப்போது அவர் பக்கத்தில் நின்று சொல்லுவார்: உனக்காக அழுதது போதும் என்று நிறுத்திவிட்டார்கள், இனிமேல் மருந்தைப் பார்த்துக்கொள் என்கிறார்கள். அவள் கேட்பாள். கேட்டே ஆக வேண்டும். வலது கண்ணில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், அதையாவது காப்பாற்றிவிடலாம். பொய்தான். முன்பு சொல்லத் தவறிய பொய்யை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஞாயிறு காலை அவள் பூசைக்குப் போனதும் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை நெம்பி, கண்ணாடியை எடுத்து, தாளை மேசையில் விரித்தார். வெள்ளையில் ஒரு பொட்டு மஞ்சள், சிவப்பு சும்மா பேருக்கு. கன்னத்தின் நிறம் வரும்வரை தட்டில் குழைத்துக் குழைத்துப் பார்த்தார். அந்த முகத்தின் நிறம் அவருக்கு அத்துப்படி. நாலு மயிர்த் தூரிகையால் இரண்டு தடவை தொட்டார், காயவிட்டு மூன்றாம் தடவை தொட்டார். புள்ளி போய்விட்டது. எந்த வெளிச்சத்தில் எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இல்லை. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமானது அது. கண்ணாடியைத் துடைத்து, ஆணி அடித்து, பழைய இடத்தில் மாட்டிவிட்டு, கைகழுவி உட்கார்ந்துகொண்டார்.

அவள் வந்தாள். முக்காட்டை மடித்து வைத்தாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள், தீக்குச்சி திரியைத் தேடி இரண்டு மூன்று தரம் அலைந்தது. படத்தின் முன் நின்று கும்பிட்டாள், வழக்கம்போலக் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புள்ளிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, பூசையில் யார் புதுத் துணி போட்டிருந்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

திங்கட்கிழமையும் அப்படியே போனது. பக்திப் பரவசத்தில் கவனித்திருக்க மாட்டாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். செவ்வாய்க்கிழமையும் போனது. புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அவருக்குத் தாங்கவில்லை. ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார். வெயில் நேராகப் படத்தின்மேல் விழுந்தது.

“இங்க வந்து பாரேன். படத்துல ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?”

அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி கிட்டே போனாள். மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பொய் நாக்கு நுனியில் நின்றது. அவளுடைய விரல் கண்ணாடிமேல் மெல்ல ஊர்ந்து போய், இடது கண்ணுக்குக் கீழே, அவர் மூன்று தடவை தொட்டு மூடிய அதே இடத்தில், கொஞ்சமும் பிசகாமல் நின்றது.

அவள் முகம் மலர்ந்தது.

“ஆமாங்க. முன்னவிட நல்லாச் சிவப்பாத் தெரியுது. பளிச்சுன்னு இருக்கு.” பிறகு அவர் நின்ற பக்கம் என்று நினைத்துக்கொண்டு, அவர் நிற்காத பக்கம் திரும்பிக் கேட்டாள். “உங்களுக்குத் தெரியலையா?”

ஒரு சொட்டுப் புள்ளிகூட இல்லாத அந்தக் கன்னத்தை அவர் பார்த்தார். பலகையில் மூடி திறக்காத பாட்டில் நின்றது. போனது போனதுதான் என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது.

“தெரியுதும்மா,” என்றார்.

அன்று எட்டு ஊசியில் நூல் கோத்து, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் செருகி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.